நீலாம்பாளின் ஓட்டும் மேஸ்திரி வீட்டு வெற்றிலையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம், ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற சமயம். ரங்கூனில் கியாக்டடா பேட்டையின் சந்து ஒன்றில் சோற்றுக்கடை நடத்திவந்த நீலாம்பாளுக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிறவள், தன் இலையில் நாலு பருக்கையை அளைந்துவிட்டு எழுந்துபோனால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தன் பித்தம் என்றான். இன்னொருத்தன் கண்பட்டுவிட்டது, மிளகாய் சுற்றிப் போடுங்கள் என்றான். பித்தமும் இல்லை, கண்ணும் இல்லை. அவளுக்கு வந்திருந்தது ஓட்டு.

சிரிக்க வேண்டாம். அந்த ஊரில், அந்தக் காலத்தில், மூட்டை தூக்குகிறவர்கள் நடுவே வாழ்கிற ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஓட்டு வருவது லேசான காரியமா? சட்டசபைக்கு ஆள் அனுப்புகிற தேர்தல் அது. பர்மியருக்கு ஒரு பக்கம், கரேன் இனத்தாருக்கு ஒரு பக்கம், இந்தியருக்கென்று ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். இந்தியர் என்றால் தமிழர், தெலுங்கர், வங்காளி, குஜராத்தி, ஒரியாக்காரர், இந்து, முஸ்லிம் எல்லாரையும் ஒரே பானையில் போட்டு மூடியதுதான். ரங்கூனில் பாதிக்கு மேல் கடல் தாண்டி வந்த ஜனம். ஆனாலும் ஓட்டு என்று வந்தால் வரி கட்டுகிறவர்களுக்கும் சொத்து உள்ளவர்களுக்கும் மட்டும்தான். ஆணா பெண்ணா என்று மட்டும் பார்க்கவில்லை, அந்த அளவில் பர்மாவுக்குப் புண்ணியம்.

நீலாம்பாளின் புருஷன் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டியவன். குடிக்காமல், சீட்டாடாமல் சேர்த்த காசில் சந்துக்குள் ஒரு பலகை வீட்டை வாங்கிப் போட்டான். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வீட்டு வரி அவள் பேருக்கு மாறியது. வாசல் பக்கத்தில் அடுப்பைக் கட்டி, விசுப்பலகை போட்டு, அவள் சோற்றுக்கடை ஆரம்பித்தாள். அவள் கடையில் கை நனைக்கிற அத்தனை பேரிலும் ஓட்டு உள்ளவர் யார் என்று பார்த்தால், பரிமாறுகிறவள் ஒருத்திதான்.

யாருக்குப் போடுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் சின்னத்தம்பி மேஸ்திரி. ஊரிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து துறைமுக வேலைக்கு விடுகிறவர். நீலாம்பாள் கடையில் சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசி அவர் ஆட்கள். இன்னொருவர் அப்துல் அஜீஸ், நாகப்பட்டினத்துக்காரர், மொகல் தெருவில் குடைக்கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் ஒரு குஜராத்தி வக்கீல். அவரை அந்தச் சந்தில் யாரும் கண்ணால் கண்டதில்லை, ஆகையால் நாமும் இப்போதைக்கு அவரை விட்டுவிடலாம்.

கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி போட வேண்டும் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதை எதிர்ப்போம் என்று மூன்று பேருமே மார்தட்டினார்கள். அஜீஸ் மட்டும் ஒருநாள் சாயங்காலம் தெருமுனையில் முக்காலி மேல் ஏறி நின்று, வேறு யாரும் பேசாத ஒன்றைப் பேசினார். "கப்பல்லேர்ந்து எறங்குற நம்ம பொம்பளைங்களை, ஆம்பளைங்களோட ஒரே கொட்டகையில, ஒரே வரிசையில நிக்கவச்சு அம்மை குத்துறாங்க. அம்மை குத்தட்டும், அது நல்லதுதான். ஆனா அவங்களுக்குத் தனியா ஒரு மறைப்பு வேணும், குத்துறதுக்கு ஒரு நர்சம்மா வேணும். நான் சபைக்குப் போனா மொதல்ல இதைத்தான் கேட்பேன்" என்றார். கூட்டத்தில் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஒரு பேச்சா என்று ஒருத்தன் எச்சில் துப்பிவிட்டுப் போனான்.

கையில் சாம்பார் கரண்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நீலாம்பாளுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்து இறங்கிய அன்று அதே மாதிரி வரிசையில் நின்றவள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை, கை இறுக்கம். எவ்வளவு இழுத்தும் மேலே ஏறவில்லை. ஒரு பக்கத்தைக் கழற்று என்றார்கள். முன்னாலும் பின்னாலும் முன்பின் தெரியாத ஆண்கள். அவள் புருஷன் பாவம், கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். குத்தினவனும் கெட்டவன் இல்லை. வரிசை நீளம், அவனுக்கு அவசரம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தை அவள் யாரிடமும், புருஷனிடம்கூட, வாயைத் திறந்து சொன்னதில்லை. அதை ஒரு குடைக்கடைக்காரர் நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டார். என் ஓட்டு இந்த மனுஷனுக்குத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டு அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் தட்டு வந்தது.

மத்தியானப் பந்தி முடிந்து, அண்டா குண்டானெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம். வாசலில் சின்னத்தம்பி மேஸ்திரியின் மனைவி வேலம்மா வந்து நின்றாள். நல்ல புடவை, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ.

"வாங்கிக்குங்க அக்கா" என்று தட்டை நீட்டினாள்.

நீலாம்பாள் புருஷனை இழந்தபின் அவள் முன்னால் யாரும் தட்டு நீட்டியதில்லை. அந்தச் சந்தில் எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! எல்லாவற்றுக்கும் சமையல் அவள்தான். ஆனால் கூடத்தில் தாம்பூலத் தட்டு சுற்றி வரும்போது அவள் அடுப்படியில் இருக்க வேண்டும். பந்திக்கு ஆக்கிப்போடுகிற கை ஆகும், வெற்றிலை வாங்குகிற கை ஆகாது என்பது நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த நியாயம். எதை எதையோ கடலில் தொலைத்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கரை சேர்த்தார்கள்!

ஆகவே தட்டைக் கண்டதும் நீலாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் வீட்டுத் தட்டு, எதற்கு வந்தது என்பதெல்லாம் மூளைக்கு எட்டவே இல்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வேலம்மா அவள் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்வீட்டுக் கங்காணி பார்த்துக்கொண்டிருந்தான். "ஆக, மேஸ்திரிக்கு ஒரு ஓட்டு விழுந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெற்றிலை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் கொடுக்கச் சம்மதம் என்றாலும் வெற்றிலைதான், நிலம் விற்கச் சம்மதம் என்றாலும் வெற்றிலைதான். வாங்கிக்கொண்ட பிறகு மாட்டேன் என்பவனை ஊரில் ஒருத்தன் மதிக்க மாட்டான். பத்திரத்தைக் கிழித்தாலும் கிழிப்பார்கள், வெற்றிலை மாற்றிய பேச்சை மாற்ற மாட்டார்கள். நீலாம்பாள் தன் கையாலேயே, இரண்டு கையாலேயே, மேஸ்திரி வீட்டு வெற்றிலையை வாங்கித் தன் ஓட்டைக் கட்டிப் போட்டுவிட்டாள். சோறு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

பக்கத்துக் கடை டோ மியா என்கிற பர்மியக்காரியுடையது. காலையில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா விற்பாள், மற்ற நேரமெல்லாம் சுருட்டுப் புகைப்பாள். நீலாம்பாளுக்குப் பர்மிய பாஷை சரளம், சண்டை போடுகிற அளவுக்கு வரும். விஷயத்தை அவளிடம் சொன்னாள். டோ மியா கேட்டுவிட்டுச் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"நான் காலையிலிருந்து ராத்திரிவரை வெற்றிலை போடுகிறேன். போகிற வருகிறவன் எல்லாம் எனக்குச் சுருள் கொடுக்கிறான். அப்படியானால் நான் எத்தனை பேருக்கு ஓட்டுப் போட வேண்டும்?"

"உங்களுக்கு அது வாய்க்கு. எங்களுக்கு அப்படி இல்லை."

"எங்களுக்கும் ஓட்டு இருக்கிறது. இந்தத் தேர்தலே வேண்டாம், போகாதே என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். நான் போகவில்லை. நீ போகிறாய், ஆனால் உனக்குப் பிடித்தவருக்குப் போட முடியாது என்கிறாய். நம் இரண்டு பேரில் யார் பைத்தியம் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு டோ மியா மறுபடி சுருட்டை வாயில் வைத்துக்கொண்டாள்.

டோ மியாவுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். நீலாம்பாளுக்கு மேஸ்திரியைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. அவர் கோபித்துக்கொண்டு ஆட்களை வேறு கடைக்கு அனுப்பினால் அடுப்பு அணைந்துதான் போகும், அது நிஜம். ஆனால் அவளை அரித்தது அது இல்லை. தட்டைக் கொடுத்தவள் வேலம்மா. இத்தனை காலத்தில் முதல்முதலாக அவளை ஒரு மனுஷியாக நினைத்துத் தட்டு நீட்டியவள். அவளுக்கா துரோகம் செய்வது? அதேசமயம் இன்னொரு நினைப்பும் முள்ளாகக் குத்தியது. ஓட்டு இருக்கிறது என்பதற்காகத்தானே தட்டு வந்தது? ஓட்டு இல்லாவிட்டால் வேலம்மா இந்த வாசலை மிதித்திருப்பாளா? இதை நினைத்தால் ஒரு கோபம், அதை நினைத்தால் ஒரு அழுகை.

இதற்கு நடுவில் ஒருநாள் அப்துல் அஜீஸே வந்துவிட்டார். அவரிடம் தட்டும் கிடையாது, பரிவாரமும் கிடையாது. தன் கடைக் குடையையே பிடித்துக்கொண்டு வெயிலில் வாசலுக்கு வெளியே நின்றார்.

"தாயி, நான் நிக்கிறது தெரிஞ்சிருக்கும். உங்க ஓட்டை எனக்குப் போட்டா சந்தோஷப்படுவேன்."

நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாய், நான் மேஸ்திரி வீட்டு வெத்தலை வாங்கிட்டேன்."

அஜீஸும் நாகப்பட்டினத்துக்காரர்தானே, மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்படியா? சரி தாயி. வாங்கிட்டீங்கன்னா அப்புறம் என்ன?" என்று சொல்லி, ஒரு சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷன் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரியாதையாகத் திரும்பிப் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தேர்தலுக்கு முதல்நாள் நீலாம்பாள் ஒரு முடிவுக்கு வந்தாள். கொடுத்த பேச்சை மீற முடியாது, வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனால் தட்டைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் உண்டே. அவமானம்தான், இருந்தாலும் ஒளித்து மறைத்து ஏமாற்றுகிற காரியம் இல்லை. புதிதாக வெற்றிலை வாங்கினாள், கொழுந்தாகப் பார்த்து. பாக்கு, பழம், பூ எல்லாம் ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கினாள். மத்தியானப் பந்தி முடிந்ததும் அதை ஏந்திக்கொண்டு சந்து வழியாக நடந்தாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். கங்காணி திண்ணையை விட்டு இறங்கி வந்தே பார்த்தான்.

நல்ல வேளையாக மேஸ்திரி வீட்டில் இல்லை. வேலம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது?"

"மன்னிச்சுக்க வேலம்மா. நீ கொடுத்ததைத் திருப்பித் தர வந்திருக்கேன். ஓட்டை நான் அஜீஸ் பாய்க்குப் போடறதா முன்னாடியே நெனச்சிட்டேன். நீ தட்டை நீட்டினதும் எனக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, வாங்கிட்டேன். உன்னை ஏமாத்த மனசு வரல. நீ திட்டணும்னா திட்டு, வாங்கிக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. வேலம்மா தட்டை வாங்கவில்லை.

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரல."

"உக்காருங்கன்னா உக்காருங்க. அன்னைக்கு நான் வந்தப்ப என்ன சொன்னேன், அதைச் சொல்லுங்க."

நீலாம்பாள் யோசித்தாள். "வாங்கிக்குங்க அக்கான்னே."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் சொல்லல."

"ஓட்டுன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சா? எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்கன்னு கேட்டேனா?"

நீலாம்பாள் அவளையே பார்த்தாள். வரவில்லைதான். கேட்கவில்லைதான். கங்காணி சொன்னான், ஊர் சொன்னது, அவளும் நம்பிவிட்டாள். தட்டு கொடுத்தவள் ஒன்றுமே சொல்லவில்லை!

வேலம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவரு நூறு தடவை சொல்லித்தான் அனுப்பிச்சாரு. இப்படிக் கேளு, அப்படிக் கேளுன்னு. உங்க வாசல் வரைக்கும் அதையே முணுமுணுத்துக்கிட்டு வந்தேன். உங்க மொகத்தைப் பாத்ததும் எனக்கு வாய் வரல. போன வருஷம் என் மக வளைகாப்புக்கு நீங்கதானே அஞ்சு வகைச் சாதமும் கிண்டுனீங்க? நான் தட்டை எடுத்துக்கிட்டு எல்லாருக்கும் கொடுத்துட்டு, அடுப்படி வாசல் வரைக்கும் வந்தேன். என் மாமியாரு கண்ணைக் காட்டுச்சு. திரும்பிப் போயிட்டேன். அன்னையிலேர்ந்து எனக்கு அது ஆறல. இவரு தேர்தல்ல நிக்கறேன்னதும், நீலாம்பா அக்காவுக்கு ஓட்டு இருக்கு, தட்டு கொடுத்துட்டு வான்னதும், எனக்கு ஒரு சாக்கு கெடச்சுது. சாமி கொடுத்த சாக்கு. அதைக் கொண்டுபோய் ஓட்டோட முடிச்சுப் போடுவேனா? ஓட்டுக்குன்னு கொடுத்தா அது தட்டா அக்கா? கூலி."

நீலாம்பாள் தட்டைக் கீழே வைத்தாள். அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய இடம் தெரியவில்லை. முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. வேலம்மாவும் அழுதாள், காரணமே இல்லாமல். இரண்டு பேரும் அழுது முடித்துப் பார்த்தால், தட்டில் கொழுந்து வெற்றிலை வீணாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் வேலம்மா. "அஜீஸ் பாய்க்கு எதுக்குப் போடறீங்க?"

"கொட்டகையைப் பத்திப் பேசினாரு."

"நானும் அதுல நின்னவதானே" என்றாள் வேலம்மா. வேலம்மா ஒரு வெற்றிலையைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிச் சுருட்டி நீட்டினாள். நீலாம்பாள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். புருஷன் போனபின் அவள் வெற்றிலை போட்டது அன்றுதான், காரம் சுரீரென்று ஏறியது. அன்று ராத்திரி அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மறுநாள் ஓட்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். செட்டியார் வட்டிக்கடை அடுத்தாட்கள், சூரத்துத் துணி வியாபாரிகள், வங்காளிக் கிளார்க்குகள், கடலூர்ப் பக்கத்து மரைக்காயர்கள் என்று பலவகை ஜனம் வந்திருந்தது. வந்திருக்க வேண்டியவர்களில் பாதிப்பேர் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓட்டு இல்லை என்று வருஷம் முழுக்கப் புலம்புகிறவன் ஒரு பக்கம், இருக்கிற ஓட்டைப் போட வெயிலில் யார் நடப்பது என்கிறவன் ஒரு பக்கம். நீலாம்பாள் கடையில் சாப்பிடுகிறவர்கள் சிலர், ஓட்டு இல்லாதவர்கள்தான், வேலைக்குப் போகிற வழியில் கம்பிக்கு வெளியே நின்று, அக்கா உள்ளே போவதை ஏதோ தேர் இழுப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்களுக்கு வேண்டியவர் பேரை அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னால் போதும், அவரே குறித்துக்கொடுப்பார் என்றார்கள். மெல்லச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்கள். நீலாம்பாளுக்கு மெல்லப் பேசி எங்கே பழக்கம்? இரைச்சலுக்கு நடுவில் சாம்பார் வேண்டுமா ரசம் வேண்டுமா என்று கத்தியே பழகிய தொண்டை. "அப்துல் அஜீஸ்" என்று அவள் சொன்னது வராண்டாவரை கேட்டது. சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு நிறைவு. தனக்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது என்பதை அவள் சபை நடுவே சொல்லியது அதுதான் முதல் தடவை.

வெளியே வாயிற்படியில் சின்னத்தம்பி மேஸ்திரி கழுத்தில் மாலையோடு நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். நீலாம்பாள் அவரைக் கண்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு நழுவியிருக்கலாம். ஆனால் அவர் அவளையும் பார்த்துக் கையைக் குவித்தார். செய்யாத உதவிக்கு ஒருவர் கும்பிடும்போது அதை வாங்கிக்கொண்டு போக அவளால் முடியவில்லை.

"மேஸ்திரி, கும்பிட வேணாம். நான் உங்களுக்குப் போடல."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, நாளையிலிருந்து அடுப்பு அணைந்தது என்று நீலாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி முகம் கறுத்தது. மாலையைச் சரி செய்துகொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும். வீட்டுல நேத்தே சொல்லிருச்சு. சொன்னதோட விட்டுச்சா? நேத்துச் சாயங்காலத்திலேர்ந்து எனக்குத்தான் பாடம். அந்தக் கொட்டகையில நின்னதை இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் என்னத்தைக் கண்டேன்?" மாலையில் ஒரு பூவைக் கிள்ளிப் போட்டார். "நாளைக்குக் கப்பல் வருது. என் ஆளுங்க இறங்குறாங்க, குடும்பம் குட்டியோட. சோத்துக்கு ஏற்பாடு பண்ணிடுங்க. பசியோட வருவாங்க. அப்புறம்..."

"சொல்லுங்க."

"காலையில நீங்களும் வேலம்மாவும் துறைமுகத்துக்கு வாங்க. ஆளுக்கொரு பெரிய புடவையா எடுத்துக்கிட்டு வாங்க. கொட்டகைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டவர் மாதிரியே முகத்தைத் திருப்பி அடுத்தவருக்குக் கும்பிடு போடப் போய்விட்டார். நீலாம்பாள் படியிறங்கினாள். கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். டோ மியா பார்த்துவிட்டு, பைத்தியம் யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது என்றாள்.

யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். மேஸ்திரியும் ஜெயிக்கவில்லை, அஜீஸும் ஜெயிக்கவில்லை. அந்தச் சந்தில் யாரும் கண்ணால் கண்டிராத குஜராத்தி வக்கீல் ஜெயித்தார். பிறகும் அவரை யாரும் கண்ணால் காணவில்லை. அஜீஸ் அதற்காக ஓய்ந்துவிடவில்லை, அந்த வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்று கொட்டகையைப் பற்றி மனுமேல் மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது ஓட்டுப்பெட்டிகளைத் திறக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை கப்பல் வந்தது. கொட்டகையின் ஒரு மூலையில், நீலாம்பாளும் வேலம்மாவும் இரண்டு புடவைகளை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஊசிக்காரர் வயதானவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீட்டின கையில் மட்டும் குத்தினார். இப்படி இருந்தால் எனக்கும் நிம்மதி என்று அவரே சொன்னார். வெளியே மேஸ்திரி, முண்டியடித்த ஆண்களை அதட்டித் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார். பிடித்துப் பிடித்து நீலாம்பாளுக்குத் தோள் கடுத்தது, கையைத் தாழ்த்த மட்டும் மனசு வரவில்லை.

கடைசியாக வந்தது சின்னப் பெண், தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. ரவிக்கையை இறக்கக் கூச்சப்பட்டு நின்றவள், சுற்றிலும் மறைப்பைப் பார்த்ததும் மளமளவென்று தோளைக் காட்டினாள். குத்தி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலாம்பாளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க இந்த ஊருங்களா?"

யார் எப்போது கேட்டாலும், மன்னார்குடிப் பக்கம், இங்கே பிழைக்க வந்தோம் என்றுதான் நீலாம்பாள் சொல்லி வந்திருக்கிறாள்.

"ஆமா, இந்த ஊர்தான்" என்றாள். "வா, கடைக்குப் போகலாம். சோறு ஆறிடும்."